ஏழாவது தரம் போகேக்கதான் புனல் தெரிஞ்சது

வாசகர் கேள்வி பதில்

இந்தமுறை வந்த கடிதங்களில மூண்டு ஒண்டையொண்டு தொட்டுக்கொண்டு நிக்குது, அதால மற்றக் கேள்வியளை அடுத்த இதழுக்கு வைச்சிட்டு இந்த மூண்டுக்கும் ஆறுதலா எழுதுறன்.

கேள்வி (ஒரு வாசகி, கோண்டாவில்): நான் முகாமைத்துவத்தில கலாநிதிப் பட்டத்துக்குப் பதிஞ்சு ஒம்பது மாசம் ஆகுது. தலைப்பு, வடக்கில இருக்கிற சிறு தொழில்களில தொடர் புத்தாக்கம். 62 கேள்வியோட வினாக்கொத்து ரெடி, 300 இடத்தில குடுத்து எடுத்து ஸ்மார்ட் பிஎல்எஸ் எண்ட புள்ளிவிபர மென்பொருளில போடுறதெண்டு பிளான். என்னை மேற்பார்வை செய்யிற சேரும் ஓமெண்டிட்டார். ஆனா எனக்குள்ள என்னவோ இடிக்குது, என்னண்டு சொல்லத் தெரியேல்ல. நான் போற வழி சரியோ?

பதில்: தங்கச்சி, அந்த இடிக்கிறதை அமத்திப் போடாதேங்கோ. உங்கட தலைப்பில "தொடர்" எண்டு ஒரு சொல் இருக்கு, விடாமல் நடந்துகொண்டிருக்கிறது எண்டு அர்த்தம், வினாக்கொத்தில அது இல்லை, அதுதான் இடிக்குது. ஒருநாள் போய்த் தாளைக் குடுத்து "எமது ஊழியர்கள் அடிக்கடி புதிய யோசனைகளை முன்வைக்கிறார்கள்" எண்டதுக்கு 1 தொடக்கம் 5 வரைக்கும் புள்ளடி போடுங்கோ எண்டால் போடுவினம்தான், ஆனா அது நல்லூர்த் தேரை ஒரே ஒரு படம் எடுத்துப்போட்டு என்ன வேகத்தில இழுத்தவை எண்டு கேக்கிறமாதிரி. அதோட அந்த 62 கேள்விக்கும் பதில் சொல்லப்போறது ஒரே ஆள், முதலாளி. புத்தாக்கம் செய்யிறியளோ எண்டதுக்கும் அவர்தான், வியாபாரம் கூடியிருக்கோ எண்டதுக்கும் அவர்தான். அண்டைக்கு நல்ல வியாபாரம் நடந்திருந்தால் ரெண்டுக்கும் 5, விடிய ஆரோடையும் கொழுவியிருந்தால் ரெண்டுக்கும் 2, பிறகு கொம்பியூட்டர் ரெண்டுக்கும் பலமான தொடர்பிருக்கு எண்டு சொல்லும். அந்தத் தொடர்பு அவற்ர மனநிலையில இருந்து வந்ததோ தொழிலில இருந்து வந்ததோ எண்டு அந்தத் தாளை வைச்சுக்கொண்டு பிரிக்கேலாது.

என்னட்டப் படிச்ச ஒரு பிள்ளையும் உங்களைமாதிரி வினாக்கொத்தோடதான் வந்தவ. முதல்ல ஒரு இடத்துக்கு மாசத்தில ரெண்டு தரம் போய்ச் சும்மா நிண்டு பாத்திட்டு வாங்கோ, தாளைப் பற்றிப் பேந்து கதைப்பம் எண்டு அனுப்பினன். மிளகாய்த்தூள், அரிசிமா, ஒடியல் மா அரைச்சுப் பக்கற் போடுற சின்ன இடம், ஏழெட்டுப் பிள்ளையள் ரெண்டு மேசையில இருந்து வேலை செய்யிறவை. முதலாளி முதல்நாளே சொல்லிப்போட்டார், இஞ்ச புதுசா ஒண்டும் இல்லைப் பிள்ளை, அதே மெசின் அதே மா எண்டு. இவவும் வந்து என்னட்ட அதையேதான் சொன்னவ.

ஏழாவது தரம் போகேக்கதான் கண்டிருக்கிறா, ஒரு மேசையில மட்டும் பழைய எக்ஸ்றே படமொண்டைச் சுருட்டி ரேப் ஒட்டிப் புனலா வைச்சிருக்கினம். பொலித்தீன் பையின்ர வாயில மா பட்டால் சீலிங் மெசின் வடிவா ஒட்டாது, கடைக்குப் போனாப்பிறகு வாய் பிரிஞ்சு பக்கற் திரும்பி வரும். இந்தப் புனலின்ர கால் ஒட்டுற கோட்டையும் தாண்டிக் கீழ இறங்குது, அதால வாயில ஒரு பொட்டு மா படேல்ல. ஆர் செய்தது எண்டு கேட்டால் சிரிக்கினம், "அது சும்மா அக்கா, கொட்டுப்படாமல் இருக்கத்தான்". வீட்டை வந்து பழைய குறிப்பைத் திருப்பிப் பாத்தால் மூண்டாவது தரம் போனண்டே எழுதியிருக்கு, மேசையில கலண்டர் மட்டை சுருட்டினபடி கிடக்கு எண்டு, என்னத்துக்கெண்டு விளங்காமலே எழுதி வைச்சிருக்கிறா. பேந்து ஒவ்வொருத்தரிட்டையும் கேட்டுக் கேட்டுப் பாக்கத்தான் வரிசை தெரிஞ்சது, முதல் கலண்டர் மட்டை, அது கை வேர்வையில தளர்ந்து போக எக்ஸ்றே படம், அதுக்குப் பிறகு காசு சேர்த்துத் தகரத்தில ஒண்டு செய்விச்சிருக்கினம், தகரத்தின்ர விளிம்பு பையைக் கிழிக்கத் திரும்பவும் எக்ஸ்றேக்கு வந்திருக்கினம். இப்ப சொல்லுங்கோ, இந்த முன்னுக்குப் போறதும் பின்னுக்கு வாறதும் உங்கட 62 கேள்வியில எந்த நம்பரில பிடிபடும்?

அதைவிடப் பெரிய விசயம் மற்ற மேசை. நாலு மாசமா அங்க புனல் இல்லை, ரெண்டு மேசைக்கும் இடையில பத்தடி தூரம்தான். ஏன் எண்டு தேடிக்கொண்டு போனால் சம்பளம் மேசைக் கணக்கில, கட்டின பக்கற்றுக்கு இவ்வளவு எண்டு. திரும்பி வாற பக்கற்றைக் கழிக்கிறதும் மேசைக் கணக்கில. எங்கட சூட்சுமத்தை மற்ற மேசைக்குக் காட்டினால் எங்களுக்கு என்ன வரும்? அண்டைக்குத்தான் அந்தப் பிள்ளைக்கு ஆய்வுக் கேள்வி கிடைச்சது, சின்ன இடங்களில ஒரு மாற்றம் ஏன் பிறந்த மேசையிலயே நிண்டுபோகுது எண்டு. லைப்ரரியில இருந்து யோசிச்சிருந்தால் அந்தக் கேள்வி வந்திராது.

அதால 300 இடத்தை இப்போதைக்கு விடுங்கோ. கேஸ் ஸ்டடியை, அதாவது ஒவ்வொரு இடத்தையும் ஆழமாப் பாக்கிற ஆய்வை, வைச்சுக் கோட்பாடு கட்டுறதைப் பற்றி கத்லீன் ஐசன்ஹார்ட் எண்ட முகாமைத்துவ ஆய்வாளர் 1989 இல எழுதின கட்டுரையில 4 தொடக்கம் 10 கேஸ் பொதுவாச் சரிவரும் எண்டு சொல்லியிருக்கிறா, கோண்டாவிலில இருந்து சைக்கிளில போய் வரக்கூடிய அஞ்சு இடம் எடுத்தால் காணும், ஆனா ஒண்டரை வருசம் விடாமல் போகோணும். வினாக்கொத்தைக் கிழிக்கவேண்டாம், கடைசி வருசம் அதை 15 கேள்வியாக் குறைச்சு, முதலாளிக்கு ஒண்டு வேலை செய்யிறவைக்கு ஒண்டு எண்டு பிரிச்சுக் குடுங்கோ. அப்ப என்ன கேக்கவேணும் எண்டு உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

இன்னொண்டு. நேர்காணலில புத்தாக்கம் எண்ட சொல்லை வாயில எடுக்காதேங்கோ. அதைக் கேட்டவுடன சனம் புது மெசின், வெளிநாட்டுக் காசு எண்டு நினைச்சு "இஞ்ச ஒண்டும் இல்லை" எண்டிடும். போன நல்லூர்க் கொடியேத்த நேரம் இந்த வேலையை எப்பிடிச் செய்தனீங்கள், இப்ப எப்பிடிச் செய்யிறியள் எண்டு கேளுங்கோ. திகதி ஞாபகம் இல்லாத ஆக்களுக்கும் கொடியேத்தம், பொங்கல், பிள்ளையின்ர சோதினை ஞாபகம் இருக்கும், கதை தானா வரும்.

கேள்வி (ஒரு விரிவுரையாளர், திருநெல்வேலி): எனக்குக் கீழ நாலு பேர் கலாநிதிப் பட்டத்துக்குச் செய்யினம், எல்லாரும் வேலை பாத்துக்கொண்டு. மாசத்தில ஒருக்கா வந்து அத்தியாயத்தைக் காட்டிப்போட்டுப் போகினம். வெளிநாட்டிலமாதிரி பயிற்சி குடுக்க இஞ்ச வசதி இல்லை. என்ன செய்யலாம்?

பதில்: நாலு பேர் இருக்கினம் எல்லோ, அது பெரிய வசதி. மாசத்தில ஒருக்கா ஒவ்வொருத்தரையும் தனியச் சந்திக்கிறதைக் கொஞ்சம் குறைச்சுப்போட்டு, ரெண்டு கிழமைக்கொருக்கா நாலுபேரையும் ஒரு மேசையில இருத்துங்கோ. அத்தியாயம் கொண்டரவேண்டாம், களக்குறிப்பில ஒரு பக்கம் கொண்டரட்டும். தாளை நடுவில கோடு போட்டு, இடப்பக்கம் கண்டதும் கேட்டதும் மட்டும், வலப்பக்கம் எனக்கு என்ன தோணுது எண்டது. போய் வந்த அண்டிரவே எழுதோணும், விடிஞ்சால் பாதி போயிடும். ஒருத்தற்ர குறிப்பை மற்றவர் வாசிச்சு, இடப்பக்கத்தில களவா நுழைஞ்சிருக்கிற அபிப்பிராயத்தைக் கோடு போட்டுக் காட்டோணும். "ஊழியர்கள் ஊக்கமாக இருந்தனர்" எண்டு இடப்பக்கம் எழுதியிருந்தால், என்னத்தைக் கண்டு அப்பிடி எழுதினனீர் எண்டு மற்றவர் கேக்கோணும். மூண்டு மாசம் இதைச் செய்தால் எழுதிற கையே மாறும், நான் பாத்திருக்கிறன்.

வாசிக்கிறதையும் அப்பிடித்தான். நூறு கட்டுரையின்ர சுருக்கத்தைக் கோர்த்து லிட்டரேச்சர் ரிவியூ எண்டு கொண்டாறதை விட ரெண்டு மூண்டை வரிவரியா வாசிப்பியுங்கோ. ஜேம்ஸ் மார்ச் 1991 இல எழுதினது ஒண்டு, புதுசைத் தேடிப்போறதும் கையில இருக்கிறதைத் தேச்சு மினுக்கிறதும் ஒரே வளத்துக்குத்தான் அடிபடுது எண்டது. ஹாரி போயரும் ஃபிராங்க் கெர்ட்சனும் 2003 இல தொடர் புத்தாக்கத்துக்குக் குடுத்த விளக்கம் இன்னொண்டு, அண்டாட வேலை, சின்னச் சின்னத் திருத்தம், கற்கிறது, பெரிய மாற்றம் இந்த நாலும் விடாமல் ஒண்டோடொண்டு ஊடாடுறதுதான் அது எண்டு. எங்கட பிள்ளையள் கைசன் எண்ட யப்பானிய முறையைப் படிச்சுப்போட்டு அதையும் தொடர் புத்தாக்கத்தையும் ஒண்டெண்டு நினைக்கிறவை. மசாக்கி இமாய் 1986 இல உலகத்துக்கு அறிமுகப்படுத்தின கைசன் படிப்படியான திருத்தத்தைப் பற்றினது, அது இதுக்குள்ள ஒரு பங்குதான். நாலையும் ஒண்டாப் பாக்கப் பழகாட்டில் மாணவர் திருத்தத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பினம்.

வெளிநாட்டைப் பற்றிக் கேட்டீங்கள். 1990களில ஐரோப்பாவில தொடங்கின சிஐநெட் எண்ட தொடர் புத்தாக்க வலையமைப்பு, கலாநிதி மாணவருக்கெண்டு தனியாப் பட்டறை வைக்கிறது. இப்பிடியான பட்டறையில என்னைக் கவர்ந்த வழக்கம் ஒண்டுதான், மாணவர் எழுதினதை முதலே அனுப்பிவைக்க, அவற்ர சுப்பர்வைசர் இல்லாத வேறொரு ஆள் வாசிச்சுப்போட்டு வந்து கதைக்கிறது. அதுக்குப் பிளேன் ரிக்கற் தேவையில்லை. கிழக்கிலயோ பேராதனையிலயோ இருக்கிற ஒரு ஆளைச் சூமில கூப்பிடுங்கோ. அதோட ஒரு தொழில் செய்யிற ஆளையும் இருத்துங்கோ, ஒரு கூட்டுறவுச் சங்க மனேஜரோ வேர்க்ஷொப் முதலாளியோ. அவை கேக்கிற "இதால எனக்கு என்ன விளங்கும்" எண்ட கேள்விக்குத் தமிழில பதில் சொல்லி முடிச்ச மாணவர் வைவா எண்ட வாய்மொழிச் சோதினையில தடுமாறினதை நான் காணேல்ல.

ஒரு விசயம் நான் பிழை விட்டு அறிஞ்சது, நீங்கள் விடாதேங்கோ. மேல சொன்ன பிள்ளை புனலைக் கண்ட சந்தோசத்தில நேர முதலாளியிட்டப் போய்ச் சொல்லிப்போட்டா. அவரும் பாராட்டினார்தான், அடுத்த கிழமையே நாளுக்குக் கட்டவேண்டிய பக்கற் கணக்கைக் கூட்டிவிட்டார். அதுக்குப் பிறகு இவ போகேக்க அந்த மேசையில ஒருத்தரும் நிமிர்ந்து பாக்கேல்ல, ரெண்டு மாசம். களத்தில காணுறது ஆற்ர சொத்து, ஆருக்கு எப்ப சொல்லலாம் எண்டு நான் முதலே இருத்திச் சொல்லியிருக்கோணும், சொல்லேல்ல. எதிக்ஸ் ஃபோர்மில கையெழுத்து வாங்கினால் காணும் எண்டு நினைச்சிட்டன். ஒவ்வொரு மாணவரும் முதல் நாள் போக முந்தியே, வேலை செய்யிறவை சொல்லுறதை அவையிட்டக் கேக்காமல் மேல கொண்டுபோறதில்லை எண்டு முதலாளிக்கும் அவைக்கும் ஒரே நேரத்தில, ரெண்டு பகுதியும் கேக்கத்தக்கதாச் சொல்லிப்போடோணும்.

கேள்வி (ஒரு தாய், சாவகச்சேரி): என்ர மகளும் இந்தப் படிப்புத்தான் படிக்கிறா. ஒவ்வொரு கிழமையும் ஒரே பனங்கட்டி செய்யிற இடத்துக்குப் போய்க் குந்தியிருந்திட்டு வாறா. இதில ஆராய என்ன கிடக்கு? தொண்ணூறில நாங்கள் செய்யாத புதுசோ?

பதில்: நீங்கள் செய்ததுதான் அம்மா, அதுதான் விசயமே. 1990 இல கரண்ட் நிண்டு, பொருளாதாரத் தடையும் வந்து மண்ணெண்ணெய்க்குச் சனம் அலைஞ்ச நேரம் ஜாம் போத்தலுக்குள்ள கொஞ்சப் பஞ்சும் எண்ணெயும் திரியும் வைச்சு விளக்குச் செய்தம். தொடக்கிறதுக்கு மட்டும் ரெண்டு துளி பெற்றோல் விட்டு மோட்டச்சைக்கிளை மண்ணெண்ணெயில ஓட்டினவை, சைக்கிளைக் கவிட்டு வைச்சு டைனமோவைச் சுத்தி ரேடியோவில செய்தி கேட்டவை. ஒரு மனேஜரும் மீற்றிங் வைக்கேல்ல, ஒருத்தரும் ரெயினிங் குடுக்கேல்ல, ஆனா குடாநாடு முழுக்க அது பரவினது, அந்த மா மில்லில பத்தடி தாண்டாத சங்கதி இஞ்ச ஊருக்கு ஊர் தாண்டிப் போயிருக்கு. எப்பிடிப் போனது? ஆர் ஆருக்குக் காட்டினது, முதல் செய்த விளக்கில என்ன பிழை இருந்தது, பஞ்சு எவ்வளவு வைக்கிறது எண்டு எத்தினை இரவு செய்து பாத்தவை? எங்கட பக்கம் ஒரு ஆள் கிழமைக்குக் கிழமை போய் இருந்து அதை எழுதேல்ல, அதால விளக்கு ஞாபகம் இருக்கு, அது வந்த வழி மறந்துபோச்சு.

மகள் பனங்கட்டி செய்யிற இடத்தில இருந்து எழுதிறது அந்த வழியைத்தான். அவவுக்கு ஒரு பின்னேரம் தேத்தண்ணி போட்டுக் குடுத்திட்டு, உங்கட வீட்டு ஜாம் போத்தல் விளக்கு எப்பிடி வந்தது எண்டு முதல்ல இருந்து சொல்லுங்கோ. கொப்பியைக் கொண்டந்து வைச்சிட்டு இருப்பா.