சீட்டை நீட்டும் கை

அன்புள்ள ஐயா,

திருத்துறைப்பூண்டி பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் பதினெட்டு வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். மார்பு எக்ஸ்ரேயைப் பார்த்து டிபி சந்தேகம் உண்டா என்று சொல்லும் ஏஐ எங்களுக்கும் வரப்போகிறதாம். டாக்டர்களுக்கு உற்சாகம். எங்களுக்குத்தான் ஏனோ மனசு ஒட்டவில்லை. என்ஜினியரிங் படிக்கும் என் மகன், "வேலை போயிடும்னு பயப்படுறீங்கம்மா" என்கிறான். அதுதானா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரி,

படுக்கையில் கிடப்பவரைப் புரட்டிப் போட ஏஐ இன்னும் வரவில்லை. வேலை இருக்கும். (சம்பளத்தைப் பற்றி நான் பேசவில்லை.)

தாய்லாந்தில் நடந்ததைச் சொல்கிறேன். சர்க்கரை நோயாளிகளின் விழித்திரைப் படத்தைப் பார்த்துப் பாதிப்பைச் சொல்ல கூகுள் ஓர் ஏஐ செய்தது. அதை அங்கே 11 கிளினிக்குகளில் வைத்துப் பார்த்து, 2020இல் அறிக்கை வெளியிட்டார்கள். முதல் ஆறு மாதத்தில் போட்ட 1,838 படங்களில் 21 சதவீதத்தை, தெளிவில்லை என்று அது திருப்பிவிட்டது. படம் தெளிவாக விழ இருட்டறை வேண்டும். பல இடங்களில் அது கிடையாது, வெளியே வரிசை நிற்கிறது, நர்ஸ் என்ன செய்வார்? படம் தேறாதவர் இன்னொரு நாள், இன்னொரு ஊருக்குப் போய் கண் டாக்டரைப் பார்க்க வேண்டும். இந்த ஆய்வில் சேராதீர்கள், வீண் அலைச்சல் என்று சில நர்ஸுகளே நோயாளிகளிடம் சொல்லிவிட்டார்கள்.

எனக்குக் கோடியக்காடுதான் ஞாபகம் வந்தது. அங்கிருந்து வரும் அம்மாவிடம் "திருவாரூர் போங்க" என்றால் ஒரு நாள் உப்பளக் கூலி போச்சு. துணைக்கு வருகிறவர் கூலியும் போச்சு. ஆட்டை யார் அவிழ்த்துக் கட்டுவது? இந்தக் கணக்கெல்லாம் மெஷினுக்குத் தெரியாது. சீட்டை நீட்டும் கை உங்களுடையது, திட்டு வாங்குவதும் நீங்கள்தான். இதைப் பயம் என்று உங்கள் மகன் சொல்லலாம், நான் அனுபவம் என்பேன்.

அதற்காக வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் டிபி இருக்கிறதா என்று முதலில் சலித்தெடுக்க இதைப் பயன்படுத்தலாம் என உலக சுகாதார நிறுவனமே 2021இல் பரிந்துரைத்தது. எக்ஸ்ரே பார்க்க ஆள் இல்லாத ஊருக்கு நல்லதுதான். ஆனால் அது சொல்வது சந்தேகம் மட்டும், உறுதி செய்வது சளிப் பரிசோதனை. அதனால் மீட்டிங்கில் கேளுங்கள்: சளியை அன்றைக்கே வாங்கிக்கொள்வார்களா, மறுபடி வரச் சொல்வார்களா? மெஷின் விட்டுவிட்ட ஆள்மேல் உங்களுக்குச் சந்தேகம் வந்தால் அனுப்பலாமா? அதை எழுத இன்னொரு ரிஜிஸ்டரா?

அப்புறம் மகனிடம் இதையும் சொல்லுங்கள். போன மார்கழியில் அப்பாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். விடியற்காலையில், விரலில் மாட்டிய கருவி ஆக்சிஜன் 84 என்று காட்டிக் கத்த ஆரம்பித்தது. நான் அலறிக்கொண்டு ஓடினேன். வந்த சிஸ்டர் கருவியைப் பார்க்கவேயில்லை. அப்பாவின் உதட்டைப் பார்த்தார், மூச்சைப் பார்த்தார். சில்லிட்டுக் கிடந்த விரலை இரண்டு உள்ளங்கைக்குள் வைத்துத் தேய்த்துவிட்டு மறுபடி மாட்டினார். 97.

"ஃபேனைக் குறைங்க சார், தாத்தாவுக்குக் குளிருது" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.