குண்டாக இருந்தால் தலைவலி வருமா? கேள்வி பதில்

தர்மபுரியில் பொது மருத்துவம் பார்க்கும் டாக்டர் ஒருவர், எடையும் தலைவலியும் பற்றி வந்த கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

ஓசூர்: சார், 98 கிலோ இருக்கிறேன், கம்பெனியில் ஷிப்ட் வேலை. தூங்கி எழும்போதே தலை கனத்து வலிக்கிறது. இரண்டு மணி நேரத்தில் தானாகப் போய்விடும். எடைதான் காரணமா?

பதில்: குறட்டை உண்டா தம்பி? உங்களுக்குத் தெரியாது, வீட்டில் கேளுங்கள். நடுவில் மூச்சு நின்று திணறுகிறீர்கள் என்று சொன்னால், தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். கழுத்தில் கொழுப்பு சேர்ந்தவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சுப்பாதை அடைபடும், காலைத் தலைவலி அதனாலும் வரும். பிபியையும் பார்த்துவிடுங்கள்.

பாலக்கோடு: வயது 29, எடை 84 கிலோ. தினமும் தலைவலி. குனிந்து கோலம் போட்டால் சில நொடிகள் கண் இருட்டுகிறது. காதில் நாடித்துடிப்பு போல 'உஸ் உஸ்' என்று சத்தம். பித்தம் என்கிறார் மாமியார்.

பதில்: பித்தம் இல்லையம்மா, இதைத் தள்ளிப்போடவே கூடாது. மூளையைச் சுற்றியுள்ள நீரின் அழுத்தம் கூடினால் இப்படித்தான் இருக்கும். எடை கூடிய இளம்பெண்களுக்கே இது அதிகம். இந்த வாரமே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவுக்குப் போய், "கண் நரம்பு வீங்கியிருக்கிறதா பாருங்கள்" என்று கேளுங்கள். வீக்கம் இருந்தால் எம்ஆர்ஐ, பிறகு முதுகில் நீர் எடுத்து அழுத்தம் பார்ப்பார்கள். அந்த அழுத்தம் 25 செ.மீ. நீர் அளவுக்கு மேல் என்றால் அதிகம். அழுத்தத்தைக் குறைக்க அசெட்டசோலமைடு மாத்திரை தருவார்கள். கவனிக்காமல் விட்டால் பார்வையே போகலாம். எடையில் 5 முதல் 10 சதவீதம், அதாவது நீங்கள் 4 முதல் 8 கிலோ குறைத்தாலே நல்ல பலன் தெரியும். முகப்பருவுக்கு டாக்ஸிசைக்ளின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அதுவும் காரணமாகலாம், மறைக்காமல் சொல்லுங்கள்.

காவேரிப்பட்டணம்: மைக்ரேன் (ஒற்றைத் தலைவலி) இருக்கிறது. எடை குறைக்கக் காலைச் சாப்பாட்டை விட்டேன், வலி கூடிவிட்டது.

பதில்: கூடத்தான் செய்யும். வயிறு காய்ந்தால் மைக்ரேன் கிளம்பும். ஆனால் எடை கூடக்கூட மைக்ரேன் அடிக்கடி வரும் என்பதும் உண்மை. ஆகவே எடையைக் குறையுங்கள், பட்டினியால் அல்ல. களி உருண்டையைச் சின்னதாக்கி, கீரையும் கொள்ளும் கூட்டிச் சாப்பிடுங்கள். மாம்பழ சீசனில் ஜூஸ் வேண்டாம், பழமாக இரண்டு துண்டு போதும்.

ஊத்தங்கரை: மெடிக்கலில் வாங்கி தினமும் வலி மாத்திரை போடுகிறேன். தலைவலி வராமல் இருக்க டாக்டர் கொடுத்த தடுப்பு மாத்திரையால் எடை ஏறுகிறது, நிறுத்திவிடவா?

பதில்: வலி மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, மூன்று மாதத்துக்கு மேல் போட்டால் அதுவே தலைவலியைக் கொண்டுவரும். முதலில் அதைக் குறைக்க வேண்டும். தடுப்பு மாத்திரைகளில் ஃப்ளூனரிசின், அமிட்ரிப்டிலின், வால்ப்ரோயேட் எடை ஏற்றக்கூடியவை. டோபிரமேட் எடையைக் குறைக்கும், ஆனால் கர்ப்பத்தில் ஆகாது. நீங்களாக நிறுத்தாமல், சீட்டை எடுத்துப்போய் மாற்றித்தரக் கேளுங்கள்.