ஒரு நாள், ஒரு கார்: நெல்லையில் கிழக்கே போவதா, மேற்கே போவதா?

கேள்வி: மாசி மாதம் பாளையங்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னையிலிருந்து வருகிறோம். மறுநாள் சனிக்கிழமை முழுசாகக் கையில் இருக்கிறது. இரவு எட்டரை மணிக்கு ரயில். நான், கணவர், மாமனார், மாமியார், 13 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள். மாமியாருக்கு முழங்கால் வலி. நெல்லையப்பர், நவதிருப்பதி, திருச்செந்தூர், பாபநாசம், குற்றாலம் எல்லாவற்றையும் ஒரே நாளில் கைடோடு காரில் காட்டிவிடுகிறேன் என்கிறார் ஒருவர். நம்பலாமா? கைடு அவசியமா? வாடகை பேசும்போது எதையெல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும்?

பதில்: அவர் சொல்வது பொய் இல்லை. எல்லா ஊரையும் காட்டுவார், கார் கண்ணாடி வழியாக.

வரைபடத்தை ஒரு தடவை பாருங்கள். திருச்செந்தூர் நெல்லைக்குத் தென்கிழக்கே, கடற்கரையில் 55 கிலோமீட்டருக்கு மேல். குற்றாலம் வடமேற்கே மலையடிவாரத்தில், ஏறக்குறைய 60. பாபநாசம் மேற்கே 45க்கு மேல். நேர் எதிர்த் திசைகள். எல்லாவற்றையும் தொட்டு வந்தால் 250 கிலோமீட்டரைத் தாண்டும், பெரும்பாலும் ஊர்களுக்குள் புகுந்து புறப்படுகிற சாலைகள். ஏழு மணி நேரம் உட்கார்ந்தே போய்விடும். முழங்கால் வலிக்காரருக்கு நடப்பதைவிட மடக்கிய காலோடு உட்கார்ந்திருப்பதுதான் வினை.

யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: ஒரு நாள்தான் என்றால் தாமிரபரணியின் ஒரு பக்கத்தைப் பிடியுங்கள். மேற்கே போனால் மலை, அணை, அருவி. கிழக்கே போனால் கோவில், சிற்பம், முதுமக்கள் தாழிகள். இரண்டையும் கலந்தால் இரண்டுமே கிடைக்காது.

அடுத்த கண்டம், மதியம் கோவில் நடை சாத்துவது. தென்பாண்டிக் கோவில்களில் பெரும்பாலானவை பகல் 12, 12:30 வாக்கில் சாத்தினால் மாலை 4 அல்லது 5 மணிக்குத்தான் திறக்கும். பயணம் ஏற்பாடு செய்யும் தொழிலுக்கு வந்த புதிதில் நானே மாட்டியிருக்கிறேன். நவதிருப்பதி என்கிற ஒன்பது பெருமாள் கோவில்களையும் ஒரே மூச்சில் முடித்துத் தருவதாக ஒரு குடும்பத்திடம் ஏற்றுக்கொண்டு, ஆறாவது கோவில் வாசலுக்குப் போகும்போது 12:20. கண்ணெதிரே கதவைச் சாத்தினார்கள். வயதானவர்களோடு நாலு மணி நேரம் வெளித் திண்ணையில். அந்தப் பெரியவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

உங்கள் பட்டியலுக்கு வருவோம். குற்றாலத்தை இந்தத் தடவை விட்டுவிடுங்கள். அது தென்மேற்குப் பருவக்காற்றின் ஊர். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை சாரல் அடிக்கும்போது போக வேண்டும். மாசியில் பாறையில் ஈரம்தான் இருக்கும்.

திருச்செந்தூர்தான் உங்களுக்கு விட மனசு வராத இடமாக இருக்கும். அங்கே நடை மதியத்திலும் சாத்துவதில்லை, அது பெரிய வசதி. ஆனால் சனிக்கிழமை, அதுவும் மாசித் திருவிழா நடக்கிற மாதம். வரிசையில் எத்தனை மணி நேரம் போகும் என்று முருகனுக்கே வெளிச்சம். போய்த்தான் ஆக வேண்டும் என்று மாமியார் சொன்னால், அன்றைக்கு அது ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள். விடியுமுன் கிளம்பிப் போய், கட்டண வரிசையில் தரிசனம் முடித்து, கடலில் கால் நனைத்துவிட்டு, வரும் வழியில் ஆழ்வார்திருநகரி. அதுவே நிறைவான நாள்தான்.

போகாவிட்டாலும் சரி என்றால், உங்கள் ஆறு பேருக்கும் பொருந்துவது கிழக்குப் பக்கத்தின் முதல் பாதி. கல்யாண வீட்டிலோ விடுதியிலோ காலை டிபனை முடித்துவிட்டு ஏழரைக்கு வண்டி ஏறுங்கள்.

முதலில் கிருஷ்ணாபுரம். பாளையங்கோட்டையிலிருந்து திருச்செந்தூர் சாலையில் அரை மணி நேரம்கூட ஆகாது. வேங்கடாசலபதி கோவில், 16ஆம் நூற்றாண்டு நாயக்கர் காலத்து வேலை. வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கோவில்தான். உள்ளே மண்டபத்துத் தூண்களில் ஆளுயரச் சிற்பங்கள்: ராஜகுமாரியைத் தூக்கிக்கொண்டு ஓடும் குறவன், கூடையோடு குறத்தி, கர்ணன், அர்ச்சுனன், வீரபத்திரர், அன்னத்தின் மேல் ரதி, கரும்பு வில்லோடு மன்மதன். தலைமுடி, நகம், கை நரம்பு, தோளில் தொங்கும் அணிகலனின் ஓட்டை வரை கல்லில் பிரித்துச் செதுக்கியிருக்கிறான் சிற்பி. இங்கே ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பிள்ளைகளிடம் கைபேசி டார்ச்சைக் கொடுத்துப் பக்கவாட்டிலிருந்து அடிக்கச் சொல்லுங்கள். நேராக அடித்தால் கல் தட்டையாகத் தெரியும், பக்கவாட்டில் அடித்தால் நரம்பு எழுந்து நிற்கும். படம் எடுக்கலாமா என்று அங்கே இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். சிற்பத்தைத் தட்டிப் பார்க்க மட்டும் யாரையும் விடாதீர்கள். தட்டித் தட்டித்தான் பல விரல்கள் போயிருக்கின்றன.

அடுத்து, நவதிருப்பதி ஒன்பதில் இரண்டு மட்டும். ஸ்ரீவைகுண்டம் கள்ளபிரான் கோவில் ஒன்று, ஆழ்வார்திருநகரி இன்னொன்று. நவகிரகப் பரிகாரம் என்று நேர்ந்திருந்தால் ஒன்பதும் வேண்டும், அதற்குத் தனியாக ஒரு நாள் வர வேண்டும். பார்க்கத்தான் என்றால் இரண்டு போதும். ஆழ்வார்திருநகரி நம்மாழ்வார் அவதரித்த ஊர், பழைய பெயர் குருகூர். அவர் அமர்ந்திருந்ததாகச் சொல்லும் உறங்காப்புளி இன்னும் கோவிலுக்குள் நிற்கிறது. மாமனாருக்குத் திருவாய்மொழியில் நாலு பாசுரம் தெரியுமென்றால் அந்த மரத்தடியில் பத்து நிமிடம் அவரைத் தனியே விட்டுவிடுங்கள். 11:45க்குள் இங்கிருந்து வெளியே வந்துவிட வேண்டும். இன்னொன்று, வெயில் ஏறினால் பிரகாரக் கல் கொதிக்கும். பெரியவர்களுக்குப் பழைய காலுறை ஒரு ஜோடி பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

கோவில்கள் சாத்தியிருக்கும் நேரத்துக்குத்தான் ஆதிச்சநல்லூர். திரும்பி வரும் வழியிலேயே, ஆற்றின் தென்கரையில், பழங்காலத்தில் இறந்தவர்களைத் தாழியில் வைத்துப் புதைத்த மேடு அது. 1876இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டியது, பிறகு அலெக்சாண்டர் ரியா, 2004இல் மறுபடி தொல்லியல் துறை என்று நூறு வருஷத்துக்கு மேல் பேசப்படுகிற இடம். தோண்டிய குழிகளை அப்படியே வைத்து, மேலே கண்ணாடி போட்டிருக்கிறார்கள். காலுக்குக் கீழே முதுமக்கள் தாழிகள் கிடப்பதைப் பார்க்கலாம். கோவில் கோவிலாக ஏறி இறங்கிச் சலித்த 13 வயதுப் பிள்ளைக்கு அன்றைய நாளில் நிஜமாகப் பிடிக்கப்போவது இதுதான். திறந்திருக்கும் நாளையும் நேரத்தையும் முந்தின நாளே டிரைவரைவிட்டு விசாரிக்கச் சொல்லிவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு, கல்யாண வீட்டிலிருந்து புளியோதரையும் தயிர்ச்சோறும் கட்டிக்கொண்டு போவதுதான் என் யோசனை. இந்த வழியில் ஆறு பேர் நிம்மதியாக உட்காரும் ஓட்டலைத் தேடினால் ஒரு மணி நேரம் போய்விடும். கழிப்பறையும் அப்படித்தான். கூச்சப்படாமல் காலையிலேயே டிரைவரிடம், "அண்ணே, அத்தைக்கு ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை நிறுத்தணும், சுத்தமான இடமா பார்த்துக்குங்க" என்று சொல்லிவிடுங்கள். எந்தப் பெட்ரோல் பங்கில் பூட்டி வைத்திருப்பார்கள், எங்கே தண்ணீர் வரும் என்பது அவருக்குத்தான் தெரியும்.

இரண்டரை, மூன்று மணிக்கு விடுதிக்குத் திரும்பிப் பெரியவர்களைக் கொஞ்சம் காலை நீட்டிப் படுக்கச் சொல்லுங்கள். அறையை மாலை வரை வைத்துக்கொள்ள முடியுமா என்று முன்பதிவு செய்யும்போதே கேட்பது நல்லது. நாலரைக்கு நெல்லையப்பர். சுவாமி சன்னதியும் காந்திமதி அம்மன் சன்னதியும் இரண்டு தனிக் கோவில்கள், நடுவில் சங்கிலி மண்டபம். நடக்க வேண்டிய தூரம் அதிகம். முழுதும் முடியாது என்றால் மாமியாரை அம்மன் வாசல் வழியாக அழைத்துப்போய் அங்கேயே உட்கார வையுங்கள், மற்றவர்கள் இசைத்தூண்களையும் தாமிர சபையையும் பார்த்துவிட்டு வரலாம். நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று இது, மரவேலையை நின்று பாருங்கள்.

மேற்குப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், வீட்டில் ஓட்டுப் போட்டால் பிள்ளைகள் அருவி என்றுதான் சொல்வார்கள். பத்தமடை, சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, அம்பாசமுத்திரம் வழியாகப் பாபநாசம். பத்தமடையில் கோரைப்பாய் நெய்வதைப் பார்க்கலாம், கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்கலாம். குற்றாலம் காய்ந்து கிடக்கும் மாதத்திலும் அகஸ்தியர் அருவியில் தண்ணீர் விழும். அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகப் பகுதி. சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பையை இறக்கச் சொல்வார்கள், சாயங்காலத்துக்குள் இறங்கிவிட வேண்டும். மாஞ்சோலைக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. "நான் பேசி விட்டுருவேன்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பாபநாசத்துத் தண்ணீரிடம் விளையாட்டும் வேண்டாம். சேரன்மகாதேவியில் குருகுலம் நடத்திய வ.வே.சு. ஐயர் 1925இல் பாபநாசத்தில்தான், அருவியில் தவறி விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் உயிர்விட்டார். துறையில் குளிக்கலாம். துறையைத் தாண்டிப் பாறை ஏற விடாதீர்கள்.

சரி, கைடு. இந்தப் பக்கத்தில் "கைடோடு கார்" என்றால் பெரும்பாலும் டிரைவரேதான் கைடு. அதைக் குறையாகச் சொல்லவில்லை. எந்த வாசலில் இறக்கினால் படி குறைவு, எங்கே வண்டி நிற்கும், எந்தக் கோவில் எப்போது சாத்தும் என்பதையெல்லாம் அறிந்த டிரைவர் உங்களுக்குக் கைடைவிட மேல். ஆனால் கிருஷ்ணாபுரத்துக் குறவன் யார், ஏன் ஓடுகிறான் என்று அவரைக் கேட்டால் பாவம், எதையாவது சொல்வார். கதைக்குக் கோவிலில் இருக்கும் பட்டரையோ ஊழியரையோ கேளுங்கள். கூட்டம் இல்லாத காலை நேரத்தில் ஆர்வமாகக் கேட்டால் தூண் தூணாகக் கூட்டிப்போய்ச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். கிளம்பும்போது கையில் ஏதாவது கொடுத்துவிட்டு வாருங்கள். கைடுக்கென்று தனித் தொகை கேட்டால், வருகிறவர் யார், டிரைவரைத் தவிர இன்னொரு ஆள் வண்டியில் ஏறுகிறாரா என்று கேளுங்கள். ஏறினால் உங்களில் ஒருவருக்கு இடம் போய்விடும் என்பதையும் கணக்குப் போடுங்கள்.

வண்டி ஏழு பேர் அமரும் எர்டிகா அல்லது இன்னோவா வகை. கடைசி வரிசை பிள்ளைகளுக்கு. மாமியாருக்கு முன் இருக்கை, அதைப் பின்னால் தள்ளினால் காலை நீட்டிக்கொள்ளலாம். மஞ்சள் போர்டு வண்டியாக இருக்கட்டும். வெள்ளை போர்டு சொந்தக் காரை வாடகைக்கு விடுபவர்கள் கொஞ்சம் குறைத்துக் கேட்பார்கள். ஆனால் வாடகைக்கு ஓடும்போது விபத்து நடந்தால் காப்பீட்டுப் பணம் சிக்கலாகிவிடும்.

வாடகையில் பலர் கோட்டைவிடுவது ஓர் இடத்தில். வெளியூர்க் கணக்கில் நாளுக்குக் குறைந்தது 250 கிலோமீட்டர் என்று போடுவது வழக்கம். ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தத் தொகை. நான் மேலே சொன்ன கிழக்குப் பயணம் டவுன் சுற்றலையும் சேர்த்து நூறு கிலோமீட்டருக்கு முன்பின்தான் வரும். அதனால் உள்ளூர் பேக்கேஜ் கேளுங்கள். எட்டு மணி நேரம் 80 கிலோமீட்டர் என்பது போல இருக்கும், மேற்கொண்டு மணிக்கு இவ்வளவு, கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று தனி விகிதம். உங்களுக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஆகும், ஆகவே கூடுதல் மணிக் கணக்கைத்தான் அழுத்திப் பேச வேண்டும். இரண்டு கணக்கிலும் மொத்தம் கேட்டு, குறைவானதை எடுங்கள். அப்புறம், கிலோமீட்டர் உங்கள் விடுதி வாசலிலிருந்தா, அவர்கள் ஷெட்டிலிருந்தா? பேட்டா, பார்க்கிங், சுங்கம் சேர்ந்ததா, தனியா? பதிலை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் மீட்டரைப் படம் எடுங்கள். டிரைவர் முன்னாலேயே எடுங்கள், நல்லவர் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்.

பேட்டா கொடுத்தாலும் மதியம் அவர் சாப்பிட்டாரா என்று கேளுங்கள். கட்டுச்சோற்றில் அவருக்கும் ஒரு பொட்டலம் சேர்த்துக்கொண்டால் நல்லது.

கடைசியாக அல்வா. நெல்லையப்பர் கோவிலுக்கு எதிரே இருக்கும் இருட்டுக்கடை மாலையில்தான் திறக்கும், சட்டென்று தீர்ந்தும்விடும். கோவிலுக்குள் நீங்கள் இருக்கும்போதே கணவரை வரிசைக்கு அனுப்பிவிடுங்கள். "அதைவிட நல்ல கடை இருக்கு, வாங்க" என்று வேறெங்காவது வண்டி திரும்பினால் அது கமிஷன் கடையாக இருக்கலாம். ஏழு மணிக்கு டவுனை விட்டுக் கிளம்பிவிடுங்கள். ஜங்ஷன் பக்கம்தான், ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் ஈரடுக்கு மேம்பாலத்தில் வண்டி ஊர்ந்துதான் போகும்.