அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வேட்டை, மீன்பிடி லைசென்ஸ் பறிபோவது பற்றி: கேள்வி பதில்

லைசென்ஸ் இல்லாமல் மீன் பிடித்ததற்கு அபராதச் சீட்டு வந்திருக்கிறது. பணம் கட்டினால் முடிந்துவிடுமா?
கட்டினாலே குற்றத்தை ஒப்புக்கொண்டதாகத்தான் கணக்கு, அந்தக் குற்றத்துக்கான தண்டனைப் புள்ளிகள் உங்கள் பேரில் ஏறும். ஐந்து வருடத்துக்குள் 20 புள்ளி சேர்ந்தால் விசாரணை. அதில் வேட்டை, மீன்பிடி இரண்டுமே போகலாம், மோசமான வழக்கு என்றால் ஆயுளுக்கும். அதற்காகச் சீட்டை டிராயருக்குள் போட்டு மறந்துவிடாதீர்கள், அது இன்னும் வம்பு.

கொலராடோவில் பறித்தால் யூட்டாவில் வாங்கிக்கொள்ளலாமே?
முடியாது. 1989-இல் கொலராடோ, நெவாடா, ஓரிகன் மூன்றும், ஒரு மாநிலத்தில் பறித்தால் மற்றதிலும் செல்லாது என்று ஓர் ஒப்பந்தம் போட்டன, இன்று கிட்டத்தட்ட எல்லா மாநிலங்களும் அதில் உண்டு. முன்பெல்லாம் வெளிமாநிலத்துக்காரர் மாட்டினால் அங்கேயே ஜாமீன் பணம் கட்டவேண்டி வரும், இப்போது சீட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். போனவர் பதிலே சொல்லாவிட்டால் சொந்த மாநிலத்திலேயே லைசென்ஸை நிறுத்திவைப்பார்கள்.

டெக்சாஸில்?
மேலே படியுங்கள்.

வயோமிங்கில்?
அதற்கும் மேலேதான் பதில்.

எல்க் என்று நினைத்து மூஸைச் (இரண்டும் பெரிய மான் இனங்கள்) சுட்டவருக்கும் திருட்டு வேட்டைக்காரனுக்கும் ஒரே தண்டனையா? அநியாயம்.
ஒரே தண்டனை என்று யார் சொன்னது? தானே அதிகாரியைக் கூப்பிட்டுச் சொன்னவரிடம் பெரும்பாலும் தணிந்துதான் போவார்கள். உடலை அப்படியே போட்டுவிட்டு ஓடுகிறவர்தான் சிக்குகிறார்.

விடியற்காலை இருட்டில் எப்படித் தெரியும்?
தெரியாவிட்டால் சுடாதீர்கள் ஐயா! மூஸ் கருத்த உடம்பு, தொங்கும் பருத்த மூக்கு, ஆணுக்குக் கொம்பு உள்ளங்கை மாதிரி விரிந்திருக்கும். எல்க்குக்குக் கழுத்துப் பக்கம் கருத்திருக்கும், பின்புறம் வெளிறியிருக்கும். பைனாகுலரில் பார்த்தால் குழம்பவே வழியில்லை. துப்பாக்கியின் தொலைநோக்கி வழியாகத் தேடுகிறவர்களை நினைத்தால்தான் எனக்கு எரிச்சல்.

திருட்டுத்தனமாகச் சுட்ட ஒரு எல்க்குக்குப் பத்தாயிரம் டாலர் அபராதமா?
ஆமாம், வழக்கமான அபராதத்துக்கு மேலே 10,000. கொலராடோவின் எஸ்டெஸ் பார்க் என்ற ஊரில் எல்லோருக்கும் செல்லமாக இருந்த சாம்சன் என்ற எல்க்கை 1995-இல் ஒருவர் திருட்டுத்தனமாகக் கொன்றார், 1998-இல் அதன் பேரிலேயே சட்டம் வந்தது. ஒரு பக்கக் கொம்பிலாவது குறைந்தது ஆறு கிளை இருந்தால் அந்தத் தொகை. தலையை மட்டும் வெட்டிக்கொண்டு உடலை அழுகவிட்டால் அது பெருங்குற்ற வழக்கு, வேறு கதை.

தமிழ்நாட்டில் முயல் வேட்டைக்கு லைசென்ஸ்?
கிடையாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைப் பாருங்கள்.

பிள்ளைக்கான ஜீவனாம்சம் பாக்கி இருந்தால் மீன்பிடி லைசென்ஸ் போகுமாமே?
போகலாம். 1996-இல் வந்த மத்திய சட்டம் அது. மீனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் எனக்கும் சிரிப்புதான், ஆனால் பாக்கியைக் கட்டுங்கள்.

என் எட்டு வயது மகனுக்கு மீன்பிடி லைசென்ஸ் வேண்டுமா?
16 வயது ஆகும் வரை தேவையில்லை. அவன் கை வலிக்கிறது என்று தூண்டிலை நீங்கள் வாங்கிப் போட்டால் உங்களுக்கு லைசென்ஸ் வேண்டும்.