லென்ஸில் 58 என்று இருக்கிறதே, 58 ஃபில்டர் ஏன் பொருந்தவில்லை?

கேள்வி: வாப்பாவின் பழைய ஸெனிட் கேமராவில் இருந்த ஹீலியோஸ் 44-2 லென்ஸை அடாப்டர் போட்டு என் மிரர்லெஸ் கேமராவில் மாட்டியிருக்கிறேன். முகப்பில் 2/58 என்று இருந்ததால் 58 மி.மீ. போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர்) வாங்கினேன், லென்ஸைவிடப் பெரிதாக இருக்கிறது. தனுஷ்கோடியில் கடலைப் படம் பிடிக்கத்தான் வாங்கினேன். இனி என்ன செய்வது? (கீழக்கரை வாசகர்)

பதில்: போலரைசரைத் திருப்பிக் கொடுத்துவிடாதீர்கள், அதற்கு வேலை இருக்கிறது.

நீங்கள் பார்த்த 58 குவியத் தூரம், அதாவது காட்சியை எவ்வளவு நெருக்கிக் காட்டும் என்பதற்கான அளவு. 2 என்பது லென்ஸின் அதிகபட்சத் திறப்பு. ஃபில்டர் அளவு 49 மி.மீ.; அதை அந்தக் காலத்தில் முகப்பில் எழுதும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. வேறு பழைய லென்ஸ் கைக்கு வந்தால் வெர்னியர் காலிப்பரால் முகப்பு மரையின் உள்விட்டத்தை அளந்து பாருங்கள். மரையின் மேடுகளுக்கு இடையே அளப்பதால் கொஞ்சம் குறைத்துத்தான் காட்டும். 48 சொச்சம் வந்தால் அது 49.

சரி, 49-லிருந்து 58-க்கு ஏற்றும் ஸ்டெப்-அப் ரிங் ஒன்று வாங்குங்கள். பெரிய ஃபில்டரைச் சின்ன லென்ஸில் மாட்டினால் படத்தின் மூலை கறுக்காது. சின்னதைப் பெரியதில் மாட்டினால்தான் அந்தத் தொல்லை.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. இன்றைய 49 மி.மீ. ஃபில்டர்களிலும் ரிங்குகளிலும் மரை இடைவெளி 0.75 மி.மீ. உங்கள் லென்ஸில் பழைய சோவியத் அளவான 0.5. அதனால் ரிங் ஒரு சுற்றுப்போல ஏறியதும் இறுகும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். பலத்தைக் காட்டினால் அலுமினிய மரை அறுந்துவிடும், அப்புறம் எந்த ஃபில்டரும் நிற்காது. மாட்டும்போது முதலில் இடப்பக்கமாகத் திருப்புங்கள். மரை மரையில் உட்காரும் அந்த மெல்லிய ‘டக்’ கேட்டதும் வலப்பக்கம் திருப்புங்கள். எந்த லென்ஸுக்கும் இது நல்ல பழக்கம்.

போலரைசருக்குத் தோதான இடம் பெண் கடல் பக்கம்தான். அலையடங்கிய பாக் நீரிணையில், நீர்மட்டத்திலிருந்து 35, 40 டிகிரி சரிவாகக் கீழே பார்த்து வளையத்தைத் திருப்பினால் மேலே இருக்கும் பளபளப்பு விலகி அடிமணல் தெரியும். மறுபக்கம் அலையடிக்கும் ஆண் கடலின் நுரையில் அவ்வளவு பலன் இருக்காது. வானம் கருநீலமாக வேண்டுமென்றால் சூரியன் உங்கள் தோள் பக்கம் இருக்கட்டும். ஃபோகஸ் திருப்பும்போது லென்ஸின் முன்பகுதியும் சேர்ந்து சுழன்றால் முதலில் ஃபோகஸ், பிறகு போலரைசர். ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போகும் (ஒரு ஸ்டாப் போனால் வெளிச்சம் பாதியாகும்). ஷட்டர் வேகத்தில் கவனம் வேண்டும்.

சூர்யோதயத்தை நேரே எடுக்கும்போது எந்த ஃபில்டரையும் கழற்றிவிடுங்கள். பழைய லென்ஸின் கோட்டிங், அதாவது பிரதிபலிப்பைக் குறைக்கும் பூச்சு, எளிமையானது. முன்னால் இன்னொரு கண்ணாடி வந்தால் சூரியனுக்கு ஒரு பேய் பிம்பம் கூடவே விழும்.

உப்புக்காற்றை மறக்காதீர்கள். தனுஷ்கோடியின் கோடியான அரிச்சல்முனையில் ஒருமுறை அவசரத்தில் துண்டால் துடைத்து, மணலால் கோடு போட்ட ஃபில்டர் இன்னும் என் மேசையில் இருக்கிறது. முதலில் ஊதுபந்தால் ஊதி, பிறகு லென்ஸ் திரவம் தொட்ட துணியால் துடையுங்கள். வீடு திரும்பியதும் ரிங்கைக் கழற்றி மரையையும் துடைத்து வையுங்கள், உப்பு ஏறினால் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்துக்கொண்டால் விரலால் அழுத்தித் திருகாதீர்கள், வளையம் நசுங்கி இன்னும் இறுகும். கழுவிக் காயவைத்த ரப்பர் செருப்பின் அடியில் லென்ஸின் முகத்தைச் சமமாக அழுத்தித் திருப்புங்கள், வந்துவிடும்.