பதினொரு வயதில் தேர்வாகாத மகனைக் கால்பந்திலிருந்து நிறுத்திவிடலாமா?

காரைக்குடியில் நடந்த கால்பந்துத் தேர்வில் உங்கள் பதினொரு வயது மகனை 'உடம்பு பத்தாது' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள், இனிப் படிப்பை மட்டும் பார்க்கச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். தேவகோட்டைப் பக்கம் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு அந்தத் தேர்வில் எதை அளந்திருப்பார்கள் என்று தெரியும், ஏனெனில் நானும் அதையே அளந்து வந்தேன்.

ஜனவரி 1ஐ வைத்து வயதுப் பிரிவு வகுக்கும்போது, ஜனவரியில் பிறந்தவனும் அதே ஆண்டு டிசம்பரில் பிறந்தவனும், ஏறக்குறைய ஓராண்டு வளர்ச்சி வித்தியாசம் இருந்தும், ஒரே வயதினராகி விடுகிறார்கள். கனடாவின் ஐஸ் ஹாக்கி அணிகளில் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே மிகுந்திருப்பதை 1980களிலேயே ஆய்வாளர்கள் கண்டார்கள். அங்கும் கணக்கு ஜனவரி 1தான். இதோடு பருவ வளர்ச்சியும் சேர்ந்துகொள்கிறது. பையன்கள் மிக வேகமாக உயர்வது சராசரியாக 14 வயதை ஒட்டி என்றாலும், சிலருக்கு அது 12 வயதிலேயே வந்துவிடும், சிலருக்கு 16 வரை தள்ளிப்போகும். முந்தி வளர்ந்தவனைத் திறமைசாலி என்று எடுத்து அவனுக்கே பயிற்சியும் போட்டிகளும் கொடுத்துவிட்டு, பின்னால் அவன் சிறந்து நிற்பதைப் பார்த்து நம் கணிப்பு சரி என்று நம்பிவிடுகிறோம்.

குறுவட்டப் போட்டிக்கு அணி சேர்த்த ஓர் ஆண்டு, பந்து வருமுன்பே அது எங்கே போக வேண்டும் என்று பார்த்து வைத்திருந்த ஒரு குள்ளப் பையனை, மோதினால் விழுந்துவிடுவான் என்று நான் ஒதுக்கினேன். இரண்டு மாதம் கண்மாய்க்குள் போன பந்துகளை எடுத்துக் கொடுத்தான், பிறகு வரவில்லை. பதினோராம் வகுப்பில் என்னைவிட உயரமாக வந்து நின்றான். அதற்குள் மைதானத்தை விட்டு நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவனுக்குப் பதிலாக நான் எடுத்த பையனுக்கும் நன்மை செய்யவில்லை. உடல் பலத்தாலேயே வென்றுகொண்டிருந்தவனுக்குப் பந்தைக் கட்டுப்படுத்தக் கற்றுக்கொடுக்கத் தவறினேன். மற்றவர்கள் வளர்ந்து வந்ததும் அவனும் ஒதுங்கிப்போனான்.

இங்கிலாந்துக் கால்பந்து வீரர் ஜேமி வார்டியை 16 வயதில் சிறிய உடம்பு என்று ஒரு கால்பந்துக் கழகம் விடுவித்தது. 2016இல் லெஸ்டர் சிட்டி அணி, அந்நாட்டின் முதல்நிலைக் கால்பந்துத் தொடரான பிரீமியர் லீக்கை வென்றபோது அவர் அந்த அணியின் முன்னணி வீரர். இடைப்பட்ட ஆண்டுகளில் அவருக்கு விளையாடச் சிறிய கழகங்கள் இருந்தன. நம் ஊரில் அந்த இடத்தை வீட்டார்தான் அமைத்துத் தர வேண்டும்.

ஆகவே மாலையில் அவன் வயதுப் பையன்களோடு பொட்டலில் விளையாட விடுங்கள், கபடியோ ஓட்டமோ ஆசைப்பட்டால் அதற்கும் அனுப்புங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சுவரில் உயரத்தைக் குறித்து வையுங்கள். 14 வயதில் மறுபடி தேர்வுக்கு அழைத்துச் செல்லும்போது, அந்தக் குறிப்பையும் அவன் பிறந்த மாதத்தையும் பயிற்சியாளரிடம் சொல்லுங்கள்.