பில்லில் எழுதிய காப்பிரைட் செல்லுமா?

கேள்வி: நான் ஃபேஷன் போட்டோகிராஃபர். தொழிலுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. ஒரு ஆடை பிராண்டுக்கு இரண்டு நாள் லுக்புக் (புது ஆடைகளைக் காட்டும் படத்தொகுப்பு) ஷூட் செய்து, 64 படங்களை ரீடச் செய்து கொடுத்தேன். எல்லாம் போனில் பேசி முடிவானது. பாதிப் பணம் அட்வான்ஸாக வந்தது, மீதி ஏழு மாதமாக வரவில்லை. இப்போது அதே படங்கள் பெரிய விளம்பரப் பலகைகளிலும் அவர்களுடைய இன்னொரு பிராண்டின் பெட்டிகளிலும் இருக்கின்றன. என் பெயர் எங்குமே இல்லை, கலரையும் மாற்றிவிட்டார்கள். ஷூட் அன்று அவர்களுடைய கிரியேட்டிவ் டைரக்டர் எல்லார் முன்னாலும் என்னைத் தரக்குறைவாகப் பேசினார். ஷூட் முடிந்து அனுப்பிய பில்லில் ‘காப்பிரைட் போட்டோகிராஃபருக்கே’ என்று தெளிவாகப் போட்டிருக்கிறேன். ‘என் படங்களைத் திருடிவிட்டார்கள்’ என்று இன்ஸ்டாகிராமில் பதிவும் போட்டேன். அன்றைய ஷூட் முடிந்து பேக்-அப் ஆன பிறகு மாடலை அவருடைய சொந்த உடையில் வைத்து 9 படம் எடுத்தேன். அவையும் அதே மெமரி கார்டில் உள்ளன. பதிப்புரிமை மீறல் என்று நோட்டீஸ் அனுப்பி வழக்குப் போடலாமா?

பதில்: இன்றைய நிலையில் போட்டால் நீங்கள் தோற்பதற்கே வாய்ப்பு அதிகம். நீங்கள் எழுதியதில் சட்டத்துக்கு வேண்டிய விஷயம் ஒன்றுதான்: எல்லாம் போனில் பேசி முடிவானது, உரிமை பற்றி நீங்கள் முதன்முதலில் எழுதியது ஷூட் முடிந்த பிறகு, பில்லில்.

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, படத்தை எடுத்தவரே அதன் ஆசிரியர். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஆசிரியர் வேறு, உரிமையாளர் வேறு. 17ஆம் பிரிவின் (ஆ) விலக்கு என்ன சொல்கிறது என்றால், ஒருவர் கேட்டுக்கொண்டு, அதற்குப் பிரதிபலனும் (பணமோ வேறு கைமாறோ) கொடுத்து எடுக்கப்பட்ட புகைப்படத்தின் முதல் உரிமையாளர் அந்த ஒருவரே; மாறாக ஒப்பந்தம் இருந்தால் மட்டுமே அது மாறும். ஓவியருக்குச் சொல்லி வரைய வைத்த உருவப்படமும் இதே விதிக்குள்தான் வருகிறது. ‘கேமராவும் என்னுடையது, கண்ணும் என்னுடையது, படமும் என்னுடையதுதானே’ என்ற வாதம் இந்த ஒரு விதியின் முன்னால் நிற்காது.

பில் ஏன் உதவாது? ஒப்பந்தம் என்றால் இரு தரப்பும் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். வேலை முடிந்து, படம் கைமாறிய பிறகு நீங்கள் மட்டும் எழுதி அனுப்பிய வரி, அவர்கள் ஒப்புக்கொண்டதற்கு வேறு ஆதாரம் இல்லாத வரை, உங்கள் விருப்பம் மட்டுமே. மீதிப் பணம் வராததாலும் உரிமை உங்களிடம் திரும்பி வந்துவிடாது. கொடுக்கிறேன் என்று சொன்ன வாக்குறுதியே பிரதிபலன்தான். பாக்கி என்பது கடன், அதை வசூலிக்கும் வழி தனி. கிரியேட்டிவ் டைரக்டர் பேசியது, அவர்கள் நன்றி மறந்தது, மூன்று வருட உழைப்பு எல்லாம் உங்களுக்கு எவ்வளவு வலித்திருக்கும் என்பது புரிகிறது; ஆனால் அவற்றில் ஒன்றையும் நோட்டீஸில் எழுத வேண்டாம்.

முதலில் ஒன்று செய்யுங்கள். ஷூட் தேதிக்கு முந்தைய வாட்ஸ்அப், மின்னஞ்சல், மூட்போர்டு (மாதிரிப் படத் தொகுப்பு) அனுப்பிய செய்தி, கால் ஷீட் (ஷூட் நேர அட்டவணை) எல்லாவற்றையும் வரிவரியாகத் தேடுங்கள். 17ஆம் பிரிவு ‘மாறான ஒப்பந்தம்’ என்று மட்டும்தான் சொல்கிறது, கையெழுத்துப் போட்ட பத்திரம் வேண்டும் என்று கேட்கவில்லை. ‘இந்த ரேட் லுக்புக்குக்கும் வெப்சைட்டுக்கும் ஒரு வருடத்துக்கு மட்டும், உரிமை என்னிடம்’ என்று நீங்கள் எழுதி, அவர்கள் ‘ஓகே, டேட் லாக் பண்ணிடுங்க’ என்று பதில் போட்டிருந்தால் வழக்கே தலைகீழாக மாறும். அப்படி ஒரு வரி கிடைக்கும் வரை, உரிமை அவர்களுடையது என்று வைத்துக்கொண்டே ஒவ்வொரு அடியையும் எடுத்து வையுங்கள்.

ஏனென்றால் உங்கள் நிலையில் இருப்பவர்கள் வழக்கமாக விழும் பள்ளம் பணம் வராமல் போவதல்ல. அவர்களே எதிர்த்தரப்பின் கையில் வழக்கைக் கொடுத்துவிடுகிறார்கள்.

கோபத்தில் அனுப்பும் நோட்டீஸில் இது தொடங்குகிறது. ‘நானே உரிமையாளர், உடனே படங்களை எடுங்கள், இல்லையேல் இழப்பீடு, கிரிமினல் புகார்’ என்று எழுதி அனுப்புகிறார்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 60ஆம் பிரிவைப் பலர் படித்திருப்பதில்லை. உரிமையாளர் என்று சொல்லிக்கொண்டு, இல்லாத மீறலுக்காக ஒருவரை மிரட்டினால், மிரட்டப்பட்டவர் உங்கள் மீது வழக்குப் போட்டு, மீறல் நடக்கவில்லை என்ற தீர்ப்பும், மிரட்டலுக்குத் தடையும், தனக்கு ஏற்பட்ட நஷ்டத்துக்கு ஈடும் கேட்கலாம். அதிலிருந்து தப்ப ஒரே வழி, நீங்களே தாமதமின்றி மீறல் வழக்கைத் தொடுத்து முறையாக நடத்துவது. அதாவது ஆதாரம் இல்லாத வழக்கை நடத்தியே ஆக வேண்டும் என்ற நெருக்கடி. அது வணிக நீதிமன்றத்துக்குப் போகும் வழக்காக இருந்து, அவசர இடைக்காலத் தடையும் கேட்கவில்லை என்றால், முன்கூட்டியே சமரச மையத்துக்குப் போயாக வேண்டும். அதைத் தாண்டிப் போட்ட வழக்கை நிராகரிக்கலாம் என்று 2022இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நோட்டீஸில் சவால் விட்டவர் கடைசியில் அதே சமரச மேசையில், பலவீனமான நிலையில் போய் உட்கார்கிறார். பதிப்புரிமைச் சட்டத்தின் 63ஆம் பிரிவில் போலீஸ் புகார் கொடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உரிமையே சந்தேகத்தில் இருக்கும்போது அது உங்கள் மீதே திரும்பும்.

இதைவிடப் பெரிய ஆபத்து உங்கள் போர்ட்ஃபோலியோவில் இருக்கிறது. அந்த 64 படங்களின் உரிமை பிராண்டுடையது என்றால், அவற்றை உங்கள் வெப்சைட்டிலும் இன்ஸ்டாகிராமிலும் போட்டிருப்பதே அவர்கள் அனுமதி இல்லாத பயன்பாடு. இதுவரை அவர்கள் அதைக் கண்டுகொள்ளாமல் இருந்தார்கள். நோட்டீஸ் போன மறுநாளே அவர்களுடைய வக்கீல் உங்கள் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுப்பார். மேக்கப் கலைஞருக்கும் ஸ்டைலிஸ்ட்டுக்கும் நீங்கள் அனுப்பி அவர்கள் போட்ட படங்கள், பத்திரிகைக்கு அனுப்பியவை, படங்களை விற்கும் ஸ்டாக் தளத்தில் ‘உரிமை எனக்கே’ என்று உறுதிமொழி கொடுத்து ஏற்றியவை எல்லாம் எதிர்வழக்கில் வரிசையாக வரும். ஸ்டாக் தளத்தில் இவற்றில் ஏதாவது இருந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். அடுத்த வேலை கிடைப்பதே போர்ட்ஃபோலியோவால்தான் என்னும் வயதில், வராத பாக்கிக்காக அதைப் பணயம் வைக்க வேண்டாம் என்று கெஞ்சியே கேட்கிறேன்.

‘திருடிவிட்டார்கள்’ என்ற பதிவையும் உடனே ஆர்க்கைவில் போடுங்கள். அவதூறு வழக்கில், சொன்னது உண்மை, பொது நன்மைக்காகச் சொன்னேன் என்று வாதாடலாம். ஆனால் உரிமை அவர்களுடையது என்று ஆனால் ‘திருட்டு’ என்ற சொல் உண்மையாக நிற்காது. ‘பாக்கி வரவில்லை’ என்று மட்டும் எழுதியிருந்தால் இவ்வளவு பயப்பட வேண்டியதில்லை.

ரா ஃபைல்களை (கேமராவில் பதிந்த மூல ஃபைல்களை) மட்டும் தொடாதீர்கள். கோபத்தில் அழித்தவர்களும் உண்டு, ‘பணம் தந்தால்தான் ரா ஃபைல்’ என்று மிரட்டல் செய்தி அனுப்பியவர்களும் உண்டு. இரண்டும் தவறு. படத்தை எடுத்தது நீங்கள்தான் என்பதற்கு அந்த ஃபைலும் அதற்குள் பதிந்திருக்கும் கேமரா விவரமும்தான் சாட்சி. கார்டை அப்படியே ஒதுக்கி வைத்து, இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்து, ஒவ்வொரு ஃபைலுக்கும் ஹேஷ் எண்ணை (ஃபைல் மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண்) குறித்து வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணு ஆதாரத்துக்குக் கொடுக்கும் சான்றிதழில் அந்த எண்ணைக் கேட்பார்கள். வாட்ஸ்அப் உரையாடலுக்கும் இதே சான்றிதழ் வேண்டும் என்பதால் போனை மாற்றாதீர்கள், ரீசெட் செய்யாதீர்கள்.

கடைசிப் பள்ளம் சமரசம் பேசும்போது வரும் காகிதம். பாக்கியைத் தர ஒத்துக்கொண்டு, ‘அந்த இரண்டு நாளில் எடுக்கப்பட்ட அனைத்துப் படங்களின் அனைத்து உரிமையும் நிறுவனத்துக்கே’ என்று ஒரு கடிதம் அனுப்புவார்கள். பணம் வந்த நிம்மதியில் கையெழுத்துப் போட்டால் அந்த 9 படங்களும் போய்விடும். அவற்றை எடுக்கச் சொன்னது பிராண்ட் அல்ல, அவற்றுக்குப் பணமும் தரவில்லை, உடையும் அவர்களுடையதல்ல. நீங்கள் சொன்னபடியே நடந்திருந்தால் அவை உங்கள் சொத்து. கடிதத்தில் ‘இணைப்பில் உள்ள 64 படங்கள் மட்டும்’ என்று ஃபைல் பெயர்களோடு எழுதச் சொல்லுங்கள். அந்த மாடலிடமும் இப்போதே எழுத்தில் ஒப்புதல் வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் உரிமை இருந்தும் அவற்றை விளம்பரத்துக்குக் கொடுக்க முடியாமல் சிக்கல் வரும்.

ஆக, சமரசத்துக்குப் போங்கள் என்பதுதான் என் ஆலோசனை. வெறுங்கையோடு போக வேண்டியதில்லை. உங்களிடம் இரண்டு நல்ல சீட்டுகள் இருக்கின்றன.

ஒன்று பாக்கி. இதற்குத் தனியாக, பதிப்புரிமை என்ற சொல்லே இல்லாத ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள்: வேலை செய்த தேதி, படங்களை ஒப்படைத்த தேதி, பேசிய தொகை, வந்த தொகை, மீதி. அட்வான்ஸில் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடிக்கும் வருமான வரி) பிடித்திருந்தால் அந்தப் பதிவே உங்களுக்கு வேலை கொடுத்ததற்கு ஆதாரம். காலவரம்பு மூன்று வருடம்; அதில் ஏழு மாதம் போய்விட்டது. ஷூட்டுக்கு முன்பே உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) வைத்திருந்தீர்கள் என்றால், குறு சிறு நடுத்தர நிறுவனச் சட்டத்தின் கீழ் வசூலுக்கான கவுன்சிலுக்குப் போகலாம். அங்கே ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. அந்தக் கணக்கை நோட்டீஸில் போட்டுக் காட்டினால் பல நிறுவனங்கள் பேச வரும்.

இன்னொன்று பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு. உரிமை யாரிடம் இருந்தாலும், இந்தப் படத்தை எடுத்தவர் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமை ஆசிரியரிடமே இருக்கிறது. பெயர் போடச் சொல்லிக் கேட்க அதுதான் அடிப்படை. கலரை மாற்றியதைப் பற்றி அதே பிரிவில் அதிகம் எதிர்பார்க்காதீர்கள். உங்கள் பெயருக்கும் மரியாதைக்கும் கெடுதல் வரும் அளவுக்குச் சிதைத்ததாக நிரூபிக்க வேண்டும். கிரேடிங் (நிறச் சாயல்) மாற்றம் அந்த அளவுக்கு எட்டுவது கடினம்.

பாக்கிக்குத் தேதியும், இனி வரும் பயன்பாட்டில் பெயரும் கேளுங்கள். அத்துடன் போர்ட்ஃபோலியோவுக்கு எழுத்து மூலம் லைசென்ஸ் கேளுங்கள், அதுவே உங்களுக்கு முக்கியம். ‘போர்ட்ஃபோலியோவில் போட்டுக்கொள்ளலாம்’ என்று மொட்டையாக ஒரு வரி போதாது. 30ஏ பிரிவின் வழியாக 19ஆம் பிரிவின் விதிகள் லைசென்ஸுக்கும் பொருந்தும்: காலம் எழுதாவிட்டால் 5 ஆண்டு, இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும், ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால் காலாவதி. எனவே பதிப்புரிமைக் காலம் முழுவதும், உலகம் முழுவதும், பயன்படுத்தாவிட்டாலும் காலாவதி ஆகாது, வெப்சைட், சமூக ஊடகம், அச்சு, போட்டிகள் என்று நான்கையும் பெயர் சொல்லி எழுத வேண்டும். பதிலுக்கு அந்த 64 படங்களின் விளம்பரப் பயன்பாட்டைப் பற்றி இனி வழக்கில்லை என்று விட்டுக்கொடுங்கள். சட்டப்படி இப்போது உங்களிடம் இல்லாத ஒன்றைத்தான் விட்டுக்கொடுக்கிறீர்கள்.

அடுத்த ஷூட்டுக்கு: தேதி குறிக்கும் முன்பே கொட்டேஷன் போகட்டும். உரிமை போட்டோகிராஃபரிடமே, லைசென்ஸ் முழுப் பணம் வந்த நாளில்தான் தொடங்கும், எந்த ஊடகம், எத்தனை மாதம், எந்த நிலப்பரப்பு, துணை பிராண்டுக்குத் தனிக் கட்டணம் என்று எழுதி, ‘சம்மதம்’ என்று பதில் வந்த பிறகே மாடலை புக் செய்யுங்கள். இரண்டாவது கேமராவில் உதவியாளர் படம் எடுத்தால் அந்தப் படங்களின் ஆசிரியர் அவர்தான். அவரிடமும் முன்கூட்டியே கையெழுத்து வாங்குங்கள். பணம் வாங்காமல், எல்லாரும் படங்களை மட்டும் பகிர்ந்துகொள்ளும் டெஸ்ட் ஷூட்டிலும் இதே கவனம் வேண்டும்: பிராண்ட் கேட்டு எடுத்துவிட்டு இரண்டு உடையைப் பரிசாக வாங்கிக்கொண்டால், அதுவே பிரதிபலன் என்று வாதிட இடம் கொடுத்துவிடுகிறீர்கள்.

பழைய செய்திகளில் மேலே சொன்ன மாதிரி ஒரு வரி கிடைத்தால் பாக்கி நோட்டீஸையும் அனுப்ப வேண்டாம். அந்தச் செய்தியோடு முதலில் ஒரு வக்கீலைப் பாருங்கள். அப்போது விளம்பரப் பலகையும் பெட்டியும் தனித்தனி மீறல்களாகும், நீங்கள் கேட்கும் தொகையும் வேறாக இருக்கும்.